ஜிம்மி சாகவில்லை

நம் தெருவில் சாவுச் செய்திக்குக் கால் உண்டு. பறை கேட்டால் பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடும். இப்போது அதற்கும் முன்னால் கண்ணீர் அஞ்சலிப் படம் கைப்பேசியில் வந்துவிடுகிறது. சாகக் கிடந்த ஒருவர் பிழைத்து எழுந்த செய்தி மட்டும் அப்படிப் பரவுவதில்லை. அதுவும் புற்றுநோயிலிருந்து ஒரு பிள்ளை பிழைத்தால், அதைச் சொல்ல அந்த வீட்டாரே தயங்குகிறார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டை பக்கத்து நம் குடியிருப்புகளில் ‘கேன்சர்’ என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “பிள்ளைக்கு ரத்தத்துல ஏதோ கோளாறாம் ஆத்தா” என்பார்கள். “மெட்ராசுக்கு எழுதிக் குடுத்துட்டாகளாம்” என்பார்கள். இரண்டாவது வாக்கியம் வந்துவிட்டால் கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கதை முடிந்தது என்று அதற்குப் பொருள்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய், பீடியும் வெற்றிலை பாக்கும் பெரியவர்களுக்குக் கொண்டுவரும் புற்றுநோய் போன்றதல்ல. அது வேகமாக வளரும். அதே காரணத்தால் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும். பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும் வகை இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் தாக்குகிறது. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகளில் இவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. நோய் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வருகிறது என்பதுதான் இந்தப் பத்தி பேச வரும் விஷயம்.

அதற்கு முன் ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். நடந்தது அமெரிக்காவில். ஆனால் கதை சுற்றிச் சுற்றிச் சென்னைக்கும் புதுக்கோட்டைக்கும் நம் ஊர்ச் சுடுகாட்டுக்குமே வரும்.

மெய்ன் என்ற மாநிலத்தில் ஒரு கிராமம். அங்கே உருளைக்கிழங்கு விவசாயி ஒருவரின் மகன், 12 வயதுப் பையன். பெயர் ஐனார் குஸ்தாஃப்சன். 1948இல் அவனுக்குக் குடலில் நிணநீர்ப் புற்று. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் புற்றுநோய் வந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் நிம்மதியாகச் சாக விடுங்கள் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் யோசனை. ஃபார்பர் அதை ஏற்காதவர். மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அந்த ஆண்டு மே 22ஆம் தேதி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் நாடு முழுவதும் கேட்கும்படி இந்தப் பையனைப் பேசவைத்தார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று ‘ஜிம்மி’ என்று வேறு பெயர் வைத்தார்கள். பேஸ்பால் விளையாட்டில் அவனுக்குப் பிடித்த அணியின் வீரர்கள், அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டுக்குள் நுழைந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவன் ஆட்டம் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று கேட்டார் நிகழ்ச்சியை நடத்தியவர். 2 லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தது. மிச்சப் பணத்தில் தொடங்கிய ‘ஜிம்மி நிதி’ இன்றுவரை பிள்ளைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் கைகொடுக்கிறது.

பையன் ஊர் திரும்பினான். அதோடு எல்லாரும் அவனை மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நோய் வந்த பிள்ளை பிழைத்ததில்லை, ஆகவே ஜிம்மியும் செத்திருப்பான் என்றே பெரும்பாலோர் முடிவுகட்டினார்கள். ஐம்பது ஆண்டுக்காலம் அப்படியே போனது. உடன்பிறந்த சகோதரி எழுதிய கடிதம் ஒன்றால்தான் உண்மை வெளிவந்தது. ஜிம்மி உயிரோடு இருந்தார். லாரி ஓட்டிப் பிழைத்தார். கல்யாணம் ஆகி, மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்று, பேரன் பேத்தியும் பார்த்தவர். 1998இல், நிதியின் ஐம்பதாம் ஆண்டில், ‘நான்தான் அந்த ஜிம்மி’ என்று ஊரறிய வந்து நின்றார். 2001இல் 65 வயதில் பக்கவாதத்தில் இறந்தார். புற்றுநோயால் இறக்கவில்லை.

ஐம்பது ஆண்டு உயிரோடு இருந்தவரை உலகம் செத்தவர் கணக்கில் வைத்திருந்தது. நம் தெருக்களிலும் இப்படி எத்தனை ஜிம்மிகள் இருப்பார்கள்? சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், இன்று திருப்பூரில் வேலை செய்பவர்கள், நர்சிங் படிப்பவர்கள் இருக்கக்கூடும். “அதை ஏன் இப்பக் கிளறணும், பொம்பளப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு எடத்துல பேசணுமில்ல” என்று வீட்டார் மூடி வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் சொல்லாத ஒரு காரணத்தால், அடுத்த தெருவில் இன்று நோய் கண்ட பிள்ளையின் அம்மாவுக்குச் செத்த பிள்ளைகளின் கதை மட்டுமே தெரிகிறது.

சரி, சென்னைக்கு வருவோம். ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு ஃபார்பர் 1947இன் கடைசியில் முதன்முதலாகக் கொடுத்துப் பலன் கண்ட மருந்தின் பெயர் அமினோப்டெரின். அது பிறந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். 1963 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இது எந்தச் செடியிலிருந்து வருகிறது தெரியுமா? நித்திய கல்யாணி. நம் பக்கத்தில் அதற்கு இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில், வெயிலில், மேடு தட்டிய குழிகளுக்கு நடுவே வெள்ளையும் ரோஸுமாகப் பூத்து நிற்குமே, அதே செடிதான். சுடுகாட்டில் பூத்தது என்று அதை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள், தலையில் வைக்க மாட்டார்கள். குழி வெட்டுவதும் பிணம் எரிப்பதும் யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலைக்குப் போன நம் தாத்தாக்கள் மிதித்து நடந்த செடியிலிருந்து எடுத்த மருந்துதான் இன்று உலகம் முழுவதும், எந்தச் சாதி எந்த மதம் என்று பாராமல், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையின் நரம்பில் ஏறுகிறது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போட்டு, இலையும் வேரும் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் செடியைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிட வேண்டாம். அது விஷம். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். பிள்ளைக்குப் போடுவது மில்லிகிராம் கணக்கில், நரம்பு வழியாக, மருத்துவரின் மேற்பார்வையில்.

இந்த மருந்துகளெல்லாம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேர்ந்தன? அதற்குப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். 1886இல் அங்கே பிறந்தவர் முத்துலட்சுமி. தாயார் தேவதாசி மரபில் வந்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லியும், பெண் என்று சொல்லியும், மகாராஜா கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண்தான் 1912இல் டாக்டராகி, சட்டமன்றத்துக்குப் போய், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி. பிறப்பைக் காரணம் காட்டிக் கதவடைப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்து அறிந்தவர்.

1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். சென்னையில் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அதன்பிறகு கேட்கத் தொடங்கினார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று மேலிடத்தில் கேட்டதாகப் பின்னாளில் டாக்டர் சாந்தா பலமுறை சொல்லியிருக்கிறார். தெருத் திண்ணையில் நாம் பேசும் பேச்சைத்தான் அன்று கோட்டையிலும் பேசியிருக்கிறார்கள்! கடைசியில் 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நாட்டிலேயே முதன்முறையாகப் பிள்ளைகளின் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு 1960இல் அங்கே தொடங்கியது. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டு நகரவில்லை.

1980களின் தொடக்கம் வரை ரத்தப் புற்றுநோய் வந்த இந்தியப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் தேறுவதே அரிது. 1984 வாக்கில் அடையாறும் மும்பை டாடா மருத்துவமனையும் டெல்லி எய்ம்சும் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் நாட்டு வசதிக்கு ஏற்ற ஒரு சிகிச்சை முறையைக் கொண்டுவந்தன. அதன்பின் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். இப்போது நிலைமை இன்னும் மேல்.

எல்லாம் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் விட்டுப்போகிறார்கள்?

முதலில், நோய் தெரிவதற்கே நாளாகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், முகம் வெளுப்பது, கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பது, அடிபடாமலே உடம்பில் நீலத் தடிப்பு, ஈறில் ரத்தம், கழுத்தில் கட்டி. இதில் ஒன்றுக்கு மருந்துக்கடையில் மாத்திரை, இன்னொன்றுக்குச் சத்து டானிக், அதற்கடுத்ததற்கு மந்திரிப்பு என்று இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுகிறது. சீமைக்கருவேல மரம் வெட்டவும் கரிமூட்டம் போடவும் செங்கல் சூளைக்கும் போகும் குடும்பம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர யோசிக்கும். வந்தாலும் வெறும் காய்ச்சல் என்று அனுப்பப்படுவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சலோடு வெளுப்பும் இருந்தால், அரசு மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள் என்று கேட்க வேண்டும். கேட்பது நம் உரிமை. கைக்குழந்தையின் கண்மணி பூனைக் கண்போல வெள்ளையாக மின்னினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். அது கண்ணில் வரும் புற்றாக இருக்கலாம். சீக்கிரம் போனால் உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம்.

அடுத்தது, பாதியில் நிறுத்துவது. நம்மை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு நடக்கும். முதல் மாத மருந்திலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தம் சீராகிவிடும். காய்ச்சல் நிற்கும், முகம் தெளியும், சோறு கேட்கும். “பிள்ள நல்லாத்தானே இருக்கு” என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அப்பா சித்தாள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அம்மா மற்ற பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணம் தீர்ந்திருக்கும். அடுத்த தவணைக்குச் சென்னை போகாமல் விட்டுவிடுவார்கள். உடம்புக்குள் மிச்சமிருக்கும் நோய்க்கு அது போதும். திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு எளிதில் அடங்காது. அப்புறம் ஊர் சொல்லும், “அப்பவே சொன்னோம்ல, கேன்சர் வந்தாப் பிழைக்காதுன்னு.”

பெண் பிள்ளை என்றால் இன்னும் முன்னதாகவே நின்றுவிடுகிறது. இந்தியாவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு வரும் பிள்ளைகளில் ஆண் பிள்ளைகளே அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வளவு வித்தியாசம் நோயால் மட்டும் வருவதில்லை. அழைத்துப் போகும் நாம்தான் பார்க்கிறோம். இந்த விஷயத்தில் ஊரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. புற்றுநோய்ப் பிள்ளைக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பது நம் வீடுகளிலேயே நடக்கிறது. 1930இல் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், இன்றைய சிவகங்கை அதில்தான் இருந்தது, நம் முன்னோருக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்றெல்லாம். அடுத்த ஆண்டு அது பதினொன்றானது. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. ஹட்டன் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தேநீர்க் கடையில் தனிக் குவளையை எதிர்த்து அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைக்கு நாமே ஒரு தனிக் குவளை வைப்பதா? புற்றுநோய் தொற்றாது. எச்சிலால், மூச்சால், தொட்டால் வராது. மருந்து ஏறும் நாட்களில் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி குறையும். அப்போது பாத்திரத்தைக் கழுவி வைப்பதும், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுப்பதும், சளி இருமல் உள்ளவர்கள் தள்ளி நிற்பதும் நம்மிடமிருந்து பிள்ளைக்கு நோய் போகாமல் இருப்பதற்காக. இதைத் தீட்டாக மாற்றிவிடக்கூடாது. பெற்றவள் செய்த பாவத்தாலும் இது வருவதில்லை.

இனிக் காசு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. புற்றுநோயும் அதில் அடக்கம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் அட்டை எடுத்துக்கொள்ளலாம். நோய் வந்தபின் ஓடாமல் இப்போதே எடுத்து வைப்பது நல்லது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அது அரசு மருத்துவமனை. அடையாறும் இருக்கிறது. ரயிலில், சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே கிடையாது. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. காரைக்குடியிலிருந்து போகும் பல்லவன் போன்ற பகல் வண்டியின் இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தை எழுதி வாங்கி முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். தங்குவதற்கு, சிகிச்சைக்கு வரும் பிள்ளையையும் பெற்றோரையும் இலவசமாக வைத்துக்கொள்ளும் செயின்ட் ஜூட் இல்லம் சென்னையில் உண்டு. மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

காசு போட முடியாதவர்களும் செய்யக்கூடியது ரத்தம். ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் நம் இளைஞர்கள் முகாம் போடுவது பாராட்ட வேண்டியது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி தேவைப்படும் தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வருடத்துக்கு இரண்டு நாள் கூட்டமாகக் கொடுப்பதைவிட, ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் பெயரையும் ரத்த வகையையும் எழுதி வைத்து, மாறி மாறிப் போய்க் கொடுத்தால் ஒரு பிள்ளையின் சிகிச்சை நிற்காமல் ஓடும். சென்னையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாத்திரை மட்டும் சாப்பிடும் கட்டத்துக்கு வந்துவிட்ட பிள்ளை, மருத்துவர் சரி என்றால் வகுப்புக்கு வரலாம். மொட்டைத் தலையைக் கேலி செய்யாமல் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது உயிர் பிரச்சினை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிடாதீர்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் புற்றுநோயிலிருந்து தேறிய பிள்ளை உள்ள குடும்பங்கள் இந்தப் பத்திக்கு எழுதுங்கள். என்ன அறிகுறி முதலில் தெரிந்தது, எங்கே போனீர்கள், எத்தனை மாதம் ஆனது, யார் ரத்தம் கொடுத்தார்கள், எந்தப் படிவம் எங்கே கிடைத்தது, பிள்ளை இப்போது எத்தனையாவது படிக்கிறது, இதெல்லாம் இன்று மெட்ராசுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட இன்னொரு வீட்டுக்குத் தேவைப்படும். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையை வைத்து எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். பாஸ்டனிலும் வேறு பெயர்தான் வைத்தார்கள்.